குருதியும் மூப்படைகிறது

யாழ்ப்பாணத்துத் தீவகத்திலே இன்று எந்த ஊரினுட் புகுந்தாலும் முதலிற் கண்ணிற் படுவோர் முதியோரே. 1990, 1991ஆம் ஆண்டுகளின் பெரும் இடப்பெயர்வின்போது ஊர்காவற்றுறையிலிருந்தும் வேலணையிலிருந்தும் புங்குடுதீவிலிருந்தும் வெளியேறியவர்களிற் பலர் மீண்டு வந்து குடியமரவில்லை. அவர்தம் பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் பிரான்சிலும் சுவிற்சர்லாந்திலும் வேரூன்றிவிட்டனர். நயினாதீவிலும் நெடுந்தீவிலும் பிறந்த இளையோரும் கல்வியையும் தொழிலையும் நாடிக் கடல் கடக்கின்றனர். வீட்டையும் காணியையும் கோயிலையும் காத்து நிற்போர் பெரும்பாலும் தாயரும் தந்தையருமே. ஆதலின் முதுமை பற்றி உலகில் எழும் எந்த ஆராய்ச்சியும் தீவகத்தாருக்கு அயலார் செய்தியாகாது.

அத்தகைய ஆராய்ச்சி ஒன்று கடந்த பத்தாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வருகிறது. இருதய நோய்க்குக் காரணம் கொழுப்பும் புகையும் நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் என்று நாம் கற்றோம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கற்பித்தோம். 1948இல் அமெரிக்காவின் பிறேமிங்காம் நகரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு அந்தப் பாடத்தின் பெரும் பகுதியை உலகுக்கு அளித்தது. பாடம் பொய்யன்று. ஆயினும், இக்குறைகளுள் ஒன்றேனும் இல்லாத ஒருவர், காலையிலே பனங்காணிக்குச் சென்று வந்தவர், நண்பகலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதையும் ஊர் கண்டிருக்கிறது. ‘எல்லாம் விதி’ என்று நாம் அமைதி பெறுகிறோம். அந்த விதி என்ற சொல்லுக்குள்ளே மறைந்து கிடந்த காரணங்களில் ஒன்றை மருத்துவ அறிஞர் இப்பொழுது குருதியினுள்ளே கண்டெடுத்திருக்கின்றனர்.

மச்சையும் ஏட்டுச் சுவடியும்

நம் குருதிக் கலங்கள் நெடுநாள் வாழ்வன அல்ல. செங்குழியம் ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். வெண்குழியங்களுட் சில ஓரிரு நாட்களிலேயே மடிந்துவிடுகின்றன. எனவே எலும்பினுள் இருக்கும் மச்சை ஓயாது புதிய கலங்களை ஆக்கிக்கொண்டிருக்கிறது. செங்குழியங்கள் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி பிறக்கின்றன. இத்துணைப் பெருக்கத்துக்கும் முதலாக இருப்பவை மூலக்கலங்கள் எனப்படுவன.

மூலக்கலம் இரண்டாகப் பிரியும்போது தன்னுள் இருக்கும் பரம்பரை எழுத்து முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் எவ்வளவு கருத்துடையவராயினும் ஓரெழுத்துப் பிழை நேர்ந்தே தீரும் என்பதைத் தமிழ் படித்தோர் அறிவர். கலத்திலும் அவ்வாறே. ஒரு மூலக்கலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 17 எழுத்து மாற்றங்கள் சேர்கின்றன. எழுபது வயதில் அவை ஆயிரத்தைத் தாண்டிவிடும். இம்மாற்றங்களை உயிரியலார் விகாரம் என்பர். இவற்றிற் பெரும்பாலானவை பொருளைக் கெடுக்காத பாடபேதங்கள். மிகச் சில மட்டும் அந்தக் கலத்துக்கு ஒரு தனி வல்லமையைத் தந்துவிடுகின்றன: அது மற்றவற்றிலும் விரைந்து பெருகுகிறது. அதன் வழிவந்த கலங்கள் யாவும் அதே பிழையைச் சுமந்துகொண்டு வருகின்றன. ஒரு பிழைபட்ட ஏட்டிலிருந்து படியெடுத்த ஏடுகளே நாடெங்கும் பரவினால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறு ஒருவருடைய குருதியில் ஒரே கால்வழி மேலோங்கிவிடுகிறது.

சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் போன்ற பதிப்பாசிரியர்கள் பல ஏடுகளை அருகருகே வைத்து ஒப்புநோக்கினார்கள். ஏடுகளுக்குப் பொதுவாக உள்ள பிழைகளைக் கொண்டு எந்த ஏடு எதன் வழிவந்தது என்று துணிவது அக்கலையின் ஒரு பகுதி. 2022இல் இங்கிலாந்தின் கேம்பிரிச்சுப் பகுதி ஆய்வாளர் இதே முறையைக் கலங்களுக்குக் கையாண்டனர். பிறந்த குழந்தை முதல் 81 வயதினர் வரை பத்துப் பேரின் மூலக்கலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் விகாரங்களை ஒப்பிட்டு, வம்சவழி வரைந்தனர். அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டவரிடத்தில் 20,000 முதல் 200,000 வரையான மூலக்கலங்கள் ஏறக்குறைய ஒத்த பங்குடன் குருதியை ஆக்கி வந்தன. எழுபத்தைந்தைக் கடந்தவரிடத்திலோ, குருதியாக்கத்தில் நூற்றுக்கு 30 முதல் 60 வரையான பங்கு ஒரு டசின் முதல் பதினெட்டு வரையான கால்வழிகளுக்குள் ஒடுங்கியிருந்தது. வெளியில் நரை தோன்றுவது போல உள்ளே நிகழும் மூப்பு இது.

2014ஆம் ஆண்டும் 2017ஆம் ஆண்டும்

இம்மாற்றம் மாந்தரிடையே எத்துணைப் பரவலானது என்பதை 2014இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அவற்றுள் ஒன்றில் சித்தார்த்த ஜைசுவால், பென்ஜமின் ஈபெர்ட் முதலியோர் 17,000க்கு மேற்பட்டோரின் குருதியை ஆராய்ந்தனர். நாற்பது வயதுக்கு உட்பட்டோரிடம் இவ்விகாரப் பெருக்கம் மிக அரிது. எழுபதுகளில் இருந்தோரில் நூற்றுக்கு 9.5 பேரிடமும், எண்பதுகளில் இருந்தோரில் நூற்றுக்கு 11.7 பேரிடமும் அது காணப்பட்டது. தொண்ணூறைக் கடந்தோரில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்கு மேல் அதனைக் கொண்டிருந்தனர்.

அவ்வறிஞர்கள் தேடியது குருதிப் புற்றுநோயின் தொடக்கத்தை. அதுவும் கிடைத்தது, விகாரம் உடையோரில் ஆண்டுதோறும் நூற்றுக்கு அரை முதல் ஒருவர் வரை அந்நோய்க்கு ஆளாகின்றனர் என்று கணித்தனர். ஆனால் எதிர்பாராத வேறொன்றும் உடன் வந்தது. விகாரம் உடையோரிடையே மாரடைப்பும் பாரிசவாதமும் மிகுந்திருந்தன. 2017இல் இதே குழுவினர் இதனை மேலும் ஆராய்ந்தபோது, விகாரம் உடையோருக்கு முடியுரு நாடி நோய் வரும் வாய்ப்பு மற்றையோரிலும் 1.9 மடங்கு என்று கண்டனர். இளவயதிலேயே மாரடைப்புக்கு ஆளானோரை எடுத்து நோக்கியபோது அது நான்கு மடங்காயிற்று.

இந்த நான்கு மடங்குக் கணக்கு நமக்கு அண்மையில் உள்ளது. அதற்கு ஆதாரமான இரு தொகுதி நோயாளரில் ஒரு தொகுதியினர் இத்தாலியர். மற்றத் தொகுதியினர் பாகிஸ்தானியர். இவ்வகை ஆய்வுகளிற் பெரும்பாலானவை ஐரோப்பிய வழியினரின் குருதியைக் கொண்டே நடந்தவை. தென்னாசியக் குருதி கணக்கிலே புகுந்த இடங்களுள் இஃதொன்று. தென்னாசியரை மாரடைப்பு முந்திக்கொண்டு தாக்குகிறது என்பதும் புதிய செய்தியன்று. கேரளத்திற் பிறந்த சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த பேராய்விலே இலங்கையும் இடம்பெற்றது. அதன் தொடர்ச்சியாக 2007இல் வெளியான பகுதி, தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், பிறருக்கு அது ஏறத்தாழ 59 என்றும் காட்டியது.

நாடிச்சுவரில் மூளும் தணல்

குருதிக் கலத்தில் நேர்ந்த எழுத்துப் பிழை இருதயத்தைச் சென்று தாக்குவது எப்படி? இவ்வினாவுக்கு விடை தேடியோரில் ஒசே பஸ்ரரும் கெனெத் வோல்சும் முக்கியமானவர். ‘ரெற்-2’ என்னும் பரம்பரையலகு இழந்த மச்சைக் கலங்களை எலிகளுக்குச் சிறிதளவு ஏற்றி, அவற்றுக்குக் கொழுப்பு மிக்க உணவை ஊட்டினர். அவ்வெலிகளின் நாடிகளில் அடைப்புப் படிவு பெரிதாக வளர்ந்தது. 2017இல் இம்முடிவு வெளியாயிற்று.

காரணம் அழற்சி. நாடியின் உட்சுவரிற் கொழுப்புப் படியும்போது அதனை விழுங்கித் துப்புரவு செய்ய ஒருவகை வெண்குழியங்கள் அங்கே சென்று சேர்கின்றன. இயல்பான கலம் தன் வேலையை முடித்து அடங்கும். ரெற்-2 பிழைபட்ட கலமோ அடங்குவதில்லை. ‘இன்ரர்லூக்கின்-1’ என்னும் அழற்சிப் பொருளை அது மிகுதியாகச் சுரந்து, மேலும் கலங்களை அழைத்து, நீறு பூத்த தணல் போல நாடிச்சுவரைப் புகையவிடுகிறது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அதன்மேற் குருதி உறைந்து, வழி அடைபடுகிறது. அதுவே மாரடைப்பு.

ஆண்களிடத்து இதனோடு ஒத்த இன்னொரு மாற்றமும் உண்டு. வயதேற வயதேறக் குருதிக் கலங்களிற் சில தம் வை நிறமூர்த்தத்தை இழந்துவிடுகின்றன. எழுபது வயது ஆண்களில் நூற்றுக்கு நாற்பது பேர்வரை இவ்விழப்புக் காணப்படுகிறது. இத்தகைய கலங்களைப் பெற்ற எலிகளின் இருதயத் தசையில் நார்த்தன்மை மிகுந்து, இருதயம் தளர்வதை 2022இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆண்கள் பெண்களிலும் முந்தி இறப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என அறிஞர் எண்ணுகின்றனர்.

தடையும் விடையும்

புதுமை என்பதற்காக எதனையும் முழுமையாக நம்பிவிடுதல் அறிவுடைமை ஆகாது. முதல் ஆய்வுகள் கூறிய அளவைப் பின்வந்த பெரிய ஆய்வுகள் குறைத்திருக்கின்றன. பிரித்தானியாவில் இலட்சக்கணக்கானோரின் குருதியையும் உடல்நிலையையும் பதிந்து வைத்துள்ள களஞ்சியத்தை ஆராய்ந்தோர், இருதய நோய்க்கும் இவ்விகாரங்களுக்கும் உள்ள தொடர்பு முன்பு எண்ணியதிலும் மெலிது என்றனர். எல்லா விகாரங்களும் ஒரே தன்மையன அல்ல. கால்வழி பெரிதாகப் பரவியவரிடத்தே தீங்கு மிகுகிறது என்பதும் தெளிவாயிற்று.

வேறொரு தடையும் எழுந்தது. நாடி நோயே மச்சையைத் தூண்டி, மூலக்கலங்களை விரைந்து பிரியச் செய்து, விகாரத்தை வளர்க்கலாம் அல்லவா? 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவ்வாறு வாதித்தது. 2024இல் மட்றிட் நகரத்து நடுவயதினரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கியோர் அதற்கு விடையிறுத்தனர். முன்பே விகாரம் இருந்தவரிடம் பின்னர் நாடிப் படிவு தோன்றியது. படிவு இருந்தமையால் விகாரம் விரைந்து வளர்ந்ததாகக் காணப்படவில்லை. வழக்கு முற்றும் தீரவில்லையாயினும், விகாரம் முன்னே செல்கிறது, நோய் பின்னே வருகிறது என்ற பக்கத்துக்கே தராசு சாய்ந்திருக்கிறது.

காந்தளிலிருந்து ஒரு மருந்து

காரணம் அழற்சியாயின் அழற்சியைத் தணித்தால் நோய் தணிய வேண்டும். 2017இல் வெளியான பெருஞ்சோதனை ஒன்றில், முன்பு மாரடைப்பு வந்த 10,061 பேரைக் கொண்டு இன்ரர்லூக்கினைத் தடுக்கும் மருந்து ஒன்றைப் பரிசோதித்தனர். இருதயத் தாக்கங்கள் நூற்றுக்கு 15 பங்கு குறைந்தன. ஆனால் உயிரைக் குடிக்கும் தொற்றுநோய்கள் சற்று மிகுந்தன. விலையும் எளியோர்க்கு எட்டாதது. எனவே இருதய நோய்க்கு அது நடைமுறைக்கு வரவில்லை.

அடுத்து ஆராயப்பட்ட மருந்து தமிழருக்குப் பழைய உறவு. சங்கப் புலவர் குறிஞ்சி நிலத்தின் அழகாகப் பாடிய காந்தளை, நாம் கார்த்திகைப் பூ என்கிறோம். தமிழ்நாட்டார் அதன் கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்பர். அதன் விதையிலும் கிழங்கிலும் கொல்கிசின் என்னும் பொருள் உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் முதலிய பகுதிகளில் அதன் விதைக்காகவே அக்கொடி பயிரிடப்படுகிறது. கீல்வாதத்துக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வந்த அம்மருந்தை மிகச் சிறிய அளவில் இருதய நோயாளர் 5,522 பேரிடம் சோதித்து 2020இல் வெளியிட்டனர். இருதயத் தாக்கங்கள் நூற்றுக்கு 31 பங்கு குறைந்தன. 2023இல் அமெரிக்க அரசின் மருந்து நிருவாகம் இப்பயனுக்காக அதனை ஏற்றது. ரெற்-2 விகாரமுடைய எலிகளின் நாடிப் படிவையும் அது தடுத்தது என 2024இல் பஸ்ரர் குழுவினர் காட்டினர். ஆயினும் அதே ஆண்டில், மாரடைப்பு வந்தவுடன் 7,062 பேருக்கு அதனைக் கொடுத்துப் பார்த்த மற்றொரு பெருஞ்சோதனையில் நன்மை தோன்றவில்லை. ஆகவே இன்னும் பொறுத்திருந்து காண வேண்டியது அது.

ஒன்றை மட்டும் ஐயமின்றிக் கூறுதல் கடமை. காந்தட் கிழங்கு கொடிய நஞ்சு. மருந்து அதிலிருந்து வருகிறது என்பதைக் கேட்டு வேலியோரக் கொடியை எவரும் நாடுதல் கூடாது. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள எல்லை இதிலே மயிரிழை அளவினது.

தீவகத்துக்கு இதனால் ஆவது என்ன?

இவ்வளவும் கற்ற பின்னர், நெடுந்தீவில் ஒரு முதியவருக்கு நாம் கூறத்தக்கது யாது? கடல் கடந்து வாழும் பிள்ளைகள் சிலர், தாய் தந்தையரின் குருதியை எடுத்து இவ்விகாரம் உண்டா என்று பார்த்துவிட விரும்பலாம். அமெரிக்காவின் பெரிய வைத்தியசாலைகள் சிலவற்றில் இதற்கெனத் தனிப் பிரிவுகளும் உள. ஆனால் நோயற்ற பொதுமக்கள் யாவரையும் இவ்வாறு சோதிக்கும்படி மருத்துவ உலகம் இன்று அறிவுரை கூறவில்லை. விகாரம் உண்டு என்று அறிந்தாலும் அதனை நீக்கும் மருந்து கிடையாது. அச்சம் மட்டும் மிஞ்சும். அப்பணம் தீவகத்து முதியோருக்கு வேறு வழியில் உதவட்டும்.

எவ்வழியில்? முதலாவது, புகை. ‘ஏ.எஸ்.எக்ஸ்.எல்.-1’ என்னும் பரம்பரையலகின் விகாரம் புகைப்போரிடம் மிகுதி என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. புகையிலையும் சுருட்டும் யாழ்ப்பாணத்துக்குப் பொருள் ஈட்டித் தந்தவை. சுருட்டுக் கடையால் உயர்ந்த குடும்பங்கள் தீவகத்திலும் உண்டு. அந்த நன்றியை மறவாதே, அதன் புகை நுரையீரலோடு நில்லாமல் மச்சைவரை சென்று எழுத்தைத் திருத்துகிறது என்பதையும் இளையோர்க்கு உரைத்தல் வேண்டும்.

இரண்டாவது, பழைய பாடத்தைக் கைவிடலாகாது. சலீம் யூசுப் குழுவினர் புகை, குருதிக் கொழுப்பு, நீரிழிவு, குருதியமுக்கம், உணவு, உடலுழைப்பு முதலிய ஒன்பது காரணங்களே முதல் மாரடைப்பின் பெரும்பங்குக்கு விடை கூறுகின்றன என்று காட்டினர். மாற்றத்தக்க காரணங்கள் இவை. விகாரம் உடையவருக்கு இவற்றைக் கட்டுப்படுத்துதல் இன்னும் இன்றியமையாதது; தணல் உள்ள வீட்டிலே நெய்க்குடத்தைத் திறந்து வைப்பார் இல்லை. ‘வயது போய்விட்டது, இனி மருந்து எதற்கு?’ என்று குளிசையை நிறுத்திவிடும் பழக்கம் நம் முதியோரிடம் உண்டு. வயதே ஒரு தனிக் காரணமாக உள்ளே இயங்குகிறது என்று குருதி இப்பொழுது கூறுகையில், வயது மருந்தை நிறுத்துவதற்குக் காரணமாகாது, தொடர்வதற்கே காரணமாகும்.

மூன்றாவது கடல். மாரடைப்பு வந்தவருக்கு உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசியோ அடைப்பை நீக்கும் சிகிச்சையோ எத்துணை விரைவிற் கிடைக்கிறதோ அத்துணை இருதயத் தசை பிழைக்கும். இலங்கை வைத்தியசாலைகளில் நிகழும் மரணங்களுக்கு இருதய நாடி நோயே நெடுங்காலமாக முதற் காரணமாக இருந்து வருகிறது. வேலணையும் புங்குடுதீவும் ஊர்காவற்றுறையும் தாம்போதிகளால் யாழ்ப்பாணத்தோடு இணைந்துள்ளன. 2018இல் வட மாகாணத்துக்கு வந்த 1990 என்னும் இலவச நோயாளர் வண்டிச் சேவை தெருவுள்ள ஊருக்கு வரும். நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் தெரு இல்லை. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் துறைக்குப் படகிலே ஒரு மணி நேரம். அதன் பிறகே யாழ்ப்பாணத்துக்குத் தெரு. வடகீழ்ப் பருவக் காற்று மூண்டால் படகுச் சேவையே நிறுத்தப்படும். நெஞ்சுவலிக்குப் பருவகாலம் தெரியாது.

ஆகவே தீவகத்து முதியோருக்கு இன்று வேண்டுவன அருமையான பரிசோதனைகள் அல்ல. தீவிலேயே எந்நேரமும் ஒரு வைத்தியர், இருதய மின்வரைவு எடுக்கும் கருவி, அவ்வரைவை உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நிபுணருக்கு அனுப்பும் வசதி, முதல் ஊசி, இரவிலும் காற்றிலும் செல்லவல்ல நோயாளர் படகு — இவையே. உலகின் பெரிய ஆய்வுகூடங்கள் முதியவரின் மச்சையிலுள்ள ஓரெழுத்துப் பிழையைக் கண்டுபிடித்துவிட்ட இக்காலத்தில், அதே முதியவர் துறைமுகத்திற் காற்றுத் தணியும்வரை காத்திருத்தல் நம் காலத்துக்குப் புகழ் தருவதன்று.

இவ்விடயத்தில் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு தொண்டு உண்டு. சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர் 1848இல் யாழ்ப்பாணத்தில் மருத்துவக் கல்வியைத் தொடங்கினார். நாளடைவில் அதனைத் தமிழிலேயே நடத்தி, மானிப்பாயிலிருந்து ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலிய நூல்களைத் தமிழிலே வெளியிட்டார். நோயாளிக்கு விளங்காத மருத்துவம் பாதி மருத்துவமே என்பதை அம்முயற்சி நமக்கு உணர்த்துகிறது. இப்புதிய பொருளை ‘ஒருகால்வழிக் குருதியாக்கம்’ என்று வழங்கலாம். இதனிலும் நல்ல சொல் கிடைப்பின் அதனை ஏற்கலாம். சொல் எதுவாயினும், அதன் பொருள் தீவகத்துத் திண்ணைவரை சென்று சேர்தல் வேண்டும். தம் நெஞ்சுவலி தாம் செய்த தவறு என்று குமையும் முதியவரும், அதனை விதி என்று விட்டுவிடும் பிள்ளையும் அந்தப் பொருளை அறிதல் நன்று. உடம்பிலே காலம் எழுதும் பிழைக்கு எவரும் பொறுப்பாளி அல்லர். அதன் விளைவிலிருந்து முதியோரைக் காக்கும் பொறுப்போ அரசுக்கும் ஊருக்கும் பிள்ளைகளுக்கும் உண்டு.